விமர்சனத்தின் கடைசி வரி

தமிழில் திரைப்பட விமர்சனம் வாசித்துப் பழகியவர்களுக்கு அதன் கடைசிப் பத்தி மனப்பாடம். கதைச் சுருக்கம் முடிந்து, நாயகன் எப்படி, நாயகி எப்படி என்று சொல்லியாகி, இடைவேளைக்குப் பிறகு தொய்வு என்று குறைபட்ட பின் அந்த வரி வரும்: ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி, பின்னணி இசை படத்துக்குப் பலம். நாளிதழ், யூடியூப், சிற்றிதழ் எதுவும் இதற்கு விலக்கில்லை. சிற்றிதழ்க்காரர் ‘குளிர்ச்சி’ இருந்த இடத்தில் ‘கவித்துவம்’ என்று போடுவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டரை மணி நேரம் பார்வையாளரை அழவும் பதறவும் வைத்த உழைப்பில் பெரும்பங்கு அந்த ஒற்றை வரிக்குள் முடங்கிக் கிடக்கிறது. நாவலைப் பற்றி எழுதுகிறவர் அதன் மொழியைத் தொடாமல் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் இலக்கிய வட்டாரம் அவரைச் சும்மா விடாது. சினிமாவுக்கு மட்டும் அந்தக் கண்டிப்பு தளர்ந்துவிடுகிறது.

இதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. உணர்ச்சி கதையிலும் வசனத்திலும் நடிப்பிலும் இருக்கிறது, வெளிச்சமும் ஒலியும் அதைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுகின்றன என்ற நம்பிக்கை. நல்ல படங்களை ஊன்றிப் பார்த்தால் இது நிற்காது. நடக்கும் சம்பவத்தை யார் பக்கம் நின்று பார்ப்பது, எவ்வளவு தொலைவில் நிற்பது, எப்போது கலங்குவது, எப்போது கலங்க அனுமதி மறுக்கப்படுவது என்பதையெல்லாம் தீர்மானிப்பவை கேமராவும் விளக்கும் மைக்கும்.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யை (1955) எடுத்துக்கொள்ளலாம். வெளியூரில் பிழைப்புத் தேடிப் போன ஹரிஹர் ஊர் திரும்புகிறார். மகள் துர்கா இறந்தது அவருக்குத் தெரியாது. அவளுக்கென வாங்கிவந்த சேலையை மனைவி சர்பஜயாவிடம் நீட்டுகிறார். அதுவரை அடக்கிவைத்திருந்த சர்பஜயா உடைந்து அழுகிறாள். வாய் திறக்கிறது, அழுகுரல் வரவில்லை. அந்த இடத்தில் தார் ஷெஹனாய் உச்ச ஸ்தாயியில் கதறுகிறது. படத்துக்கு இசை ரவிசங்கர். அந்த வாத்தியத்தை வாசித்தவர் தட்சிணாமோகன் தாகூர். சர்பஜயாவாக நடித்த கருணா பானர்ஜியின் குரலே கேட்டிருந்தால் அது ஒரு கிராமத்துத் தாயின் அழுகையாக இருந்திருக்கும், பார்வையாளரும் பரிதாபப்பட்டிருப்பார். குரலை ராய் எடுத்துவிட்டதால் அது யாருடைய அழுகையாகவும் ஆகிவிடுகிறது. பார்வையாளர் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் நிலையிலிருந்து துக்க வீட்டுக்குள் வந்துவிடுகிறார்.

இதற்கு நேர் எதிரான முடிவும் அதே அளவுக்கு வேலை செய்யும். பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் ‘தி காட்ஃபாதர்’ (1972) படத்தில், உணவகத்தில் மைக்கேல் இருவரைச் சுட்டுக் கொல்லும் காட்சியில் இசையே கிடையாது. ஒலிப் பொறுப்பில் இருந்த வால்டர் மர்ச், வெளியே மேம்பாலத்தில் ஓடும் ரயிலின் கிறீச்சிடலை அங்கே வைத்தார். திரையில் ரயில் தெரியாது. கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் மைக்கேலின் முகம் அசையாமல் இருக்கும்போது அவன் மண்டைக்குள் நடப்பதை அந்த இரும்புச் சத்தம் சொல்கிறது. துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அவன் வெளியேறும்போதுதான் இசை எழுகிறது. கொலை நடக்கும்வரை பார்வையாளருக்கு எந்த ஆறுதலும் இல்லை. கொலைகாரனின் பதற்றம்தான் அவர் பதற்றமும்.

அதே படத்தில் ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் செய்த ஒளியமைப்பு இன்னொரு பாடம். மார்லன் பிராண்டோவின் ஒப்பனையைக் கருதித் தலைக்கு மேலிருந்து வெளிச்சத்தை இறக்கினார் அவர். அதனால் பிராண்டோ ஏற்ற டான் கோர்லியோனேயின் கண்குழிகள் இருண்டன. கண்ணைக் காட்டாமல் முகத்தைக் காட்டுவது அன்றைய ஹாலிவுட் வழக்கத்துக்கு மாறானது. கண் தெரியாதபோது அந்த மனிதர் என்ன நினைக்கிறார் என்று ஊகிக்க முடியாது. பயமும் மரியாதையும் ஒன்றாக வருவது அங்கிருந்துதான்.

தமிழில் ‘நாயகன்’ (1987) பற்றிப் பேசும்போது ‘காட்ஃபாதர்’ படத்தோடு அதற்குள்ள கதை ஒற்றுமையை விவாதிக்காதவர் இல்லை. ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமின் இருட்டைப் பற்றி விவாதித்தவர்கள் குறைவு. சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி போட்ட தாராவி செட்டில், ஜன்னலிலிருந்தும் சந்து முனையிலிருந்தும் மட்டும் வருவதுபோல் வெளிச்சத்தை விட்டார் ஸ்ரீராம். கமல்ஹாசன், ஸ்ரீராம், தோட்டா தரணி மூவருக்கும் அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. கமல் ஏற்ற வேலு நாயக்கர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வி கடைசியில் பேரனின் வாய்வழியாக வசனமாக வருகிறது. ஆனால் பாதி வெளிச்சத்திலும் பாதி இருட்டிலுமாக அந்த முகத்தை வைத்தபோதே கேள்வி எழுப்பப்பட்டுவிட்டது.

வெளிச்சத்தாலும் நிழலாலும் கேள்வி எழுப்பும் இந்த வழக்கம் எண்பதுகளில் புதிதாக முளைத்ததும் அல்ல. 1954இல் ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ படத்தில் பாட்டே கிடையாது. இயக்கியவர் வீணை வித்வான் எஸ். பாலசந்தர் என்பதுதான் அதில் சுவாரஸ்யம். ரேடியோ பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். சந்தேகத்துக்கு உள்ளானவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது? மாருதி ராவின் கேமரா சாய்ந்த கோணங்களையும் சுவரில் நீளும் நிழல்களையும் வைத்து எல்லோர்மீதும் சமமாகச் சந்தேகத்தைப் பரப்புகிறது. வில்லன் யார் என்று முதல் காட்சியிலேயே புருவத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடும் தமிழ்ப் பார்வையாளருக்கு அது பழக்கமில்லாத தவிப்பு.

வெளிச்சம் முகத்தில் எப்படி விழுகிறது என்பதற்கு ஒரு அரசியலும் உண்டு. ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்துக்குக் காசியின் வீட்டு முற்றத்தைத் திறந்தவெளியில் அமைக்கத்தான் முதலில் திட்டம். மழைக்குப் பயந்து கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் செட் போட வேண்டியதாயிற்று. மேலிருந்து மட்டும் இறங்கும் முற்றத்து வெளிச்சத்தை ஸ்டுடியோ விளக்குகளால் எப்படிக் கொண்டுவருவது? ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்துத் திருப்பினார். நிழலின் ஓரங்கள் கரைந்தன. மனிதர்கள் நாடக மேடையிலிருந்து வீட்டுக்குள் வந்தார்கள். பிற்காலத்தில் தமிழ்ப் படப்பிடிப்புத் தளங்களில் தெர்மோகோல் அட்டையைத் தூக்கிக்கொண்டு நின்ற உதவியாளர்கள் செய்ததும் அடிப்படையில் இதே வேலைதான்.

மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் பயின்று வந்த பாலு மகேந்திரா இந்த வெளிச்சத்தைத் தமிழுக்குப் பழக்கியவர்களில் முதன்மையானவர். ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தில் ஒளிப்பதிவாளராகவும், ‘மூன்றாம் பிறை’ (1982), ‘வீடு’ (1988) படங்களில் இயக்கத்தோடு சேர்த்தும் கிடைத்த வெளிச்சத்தை நம்பினார். அதனால் ஷோபாவும் அர்ச்சனாவும் தங்கள் சொந்த நிறத்திலேயே திரையில் தோன்றினார்கள். பவுடர் பூசி, நாலு பக்கமும் விளக்கு வைத்து, நிறத்தை இரண்டு படி ஏற்றிக் காட்டுவது வழக்கமாக இருந்த தொழிலில் இது சின்ன விஷயமில்லை. ‘வீடு’ படத்தில் அர்ச்சனா ஏற்ற சுதா படும் பாட்டைப் பார்ப்பவர் கதாநாயகியின் கஷ்டமாக எண்ணாமல், தெரிந்த பெண்ணின் கஷ்டமாக எண்ணுகிறார் என்றால் அதில் வசனத்துக்கு இருக்கும் பங்கைவிட ஜன்னல் வெளிச்சத்துக்குப் பங்கு அதிகம்.

ஒலியின் கதை இவ்வளவு நேராக ஓடவில்லை. கைக்கு அடக்கமான ஆரிஃப்ளெக்ஸ் கேமரா வந்ததும் தமிழ் சினிமா ஸ்டுடியோவை விட்டு வெளியே ஓடியது. ‘16 வயதினிலே’ (1977) படத்தில் நிவாஸின் கேமரா காட்டிய வயல்வெளி அதன் பலன். ஆனால் அந்தக் கேமரா ஓடும்போது இரைச்சல் போடும். தளத்தில் பேசிய பேச்சைப் பதிவு செய்து பயன்படுத்த முடியாது. எனவே எல்லாவற்றையும் டப்பிங் தியேட்டரில் திரும்பப் பேசவைத்தார்கள். கேமரா கிராமத்துக்குப் போய்விட்டது. மைக் சென்னையிலேயே தங்கிவிட்டது. ஊரின் காற்று, கிணற்றடிப் பேச்சு, தூரத்து மாட்டு மணி எல்லாம் காணாமல் போய், அந்த வெற்றிடத்தைப் பின்னணி இசை நிரப்பியது. ‘ஆர்.ஆர்.’ என்று தொழிலில் சுருக்கமாகச் சொல்லப்படும் ரீரெக்கார்டிங் தமிழில் இத்தனை செல்வாக்குப் பெற்றதற்கு இளையராஜாவின் மேதைமை ஒரு காரணம் என்றால், ஊரின் ஒலி இல்லாமல் போனது மற்றொரு காரணம். பிறகு ‘குருதிப்புனல்’ (1995) டால்பி ஒலியோடு வந்தது. ‘மகாநதி’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படங்களுக்காக ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதருக்குத் தேசிய விருது கிடைத்தது. ‘விருமாண்டி’ (2004) தளத்திலேயே லைவ் சவுண்டில் பதிவானது. விமர்சனங்கள் இந்த மாற்றங்களைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

காதில் போட்டுக்கொள்ளாததற்கு விலை உண்டு. போலீஸ் படங்களைப் பார்த்தால் தெரியும். ‘காக்க காக்க’ (2003) படத்தில் என்கவுன்டர் அதிகாரிகள் நடந்துவரும் விதத்தையும், ஹாரிஸ் ஜெயராஜின் தாளம் அவர்கள் காலடிக்குப் பிடிக்கும் பின்பாட்டையும் நினைத்துப் பாருங்கள். துப்பாக்கி வெடிக்கும் முன்பே பார்வையாளரின் சம்மதம் வாங்கப்பட்டுவிடுகிறது. சட்டத்துக்குப் புறம்பான கொலையை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டால் தலையசைத்து மறுக்கும் அதே மனிதர் தியேட்டரில் கைதட்டுவார், கேட்டவிதம் அப்படி.

வெற்றிமாறனின் ‘விசாரணை’ (2015) அதே காவல் நிலையத்தை லாக்கப்புக்குள்ளிருந்து பார்க்கிறது. மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவலை அடிப்படையாகக் கொண்ட இந்தப் படத்தில் எஸ். ராமலிங்கத்தின் கேமரா அடிவாங்குகிறவர்களை விட்டு விலகுவதில்லை. அடிப்பவரை நாயகனாக்கும் கோணம் ஒன்றும் கிடையாது. இறுதியில் சதுப்பு நிலத்து இருட்டில் தேடப்படும் மனிதர்களோடு பார்வையாளரும் பதுங்கியிருக்க நேர்கிறது. இரண்டு படங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கதைச் சுருக்கத்தால் பாதிதான் விளக்க முடியும். கேமரா கம்பிக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் மீதி இருக்கிறது.

இன்றைய ‘மாஸ்’ காட்சி இந்தக் கலையை ஒரு சூத்திரமாக்கிவிட்டது. தரையோடு தரையாக வைத்த லோ ஆங்கிள், ஸ்லோ மோஷன், முதுகுக்குப் பின்னால் புகையும் பேக் லைட்டும், அதற்கு மேல் வயிற்றைக் கலக்கும் அதிர்வு. 5.1 ஒலியமைப்பில் அந்தப் புள்ளி ஒன்று என்பது 120 ஹெர்ட்ஸும் அதற்குக் கீழுமான ஒலிகளுக்கென ஒதுக்கிய தனித் தடம். பெரிய சப்வூஃபரிலிருந்து வரும் அந்த ஒலியைக் காது கேட்பதோடு நெஞ்சும் உணரும். இதில் தவறொன்றும் இல்லை. ‘தளபதி’யில் (1991) சந்தோஷ் சிவன் சூரிய ஒளியைத் திரும்பத் திரும்ப நாயகன்மேல் கொண்டுவந்து, சூர்யா யாருடைய மகன் என்பதை மகாபாரதம் தெரிந்தவர்களுக்கு வசனமில்லாமல் சொன்னாரே, அதுவும் நாயகனைத் தூக்கிக் காட்டும் வேலைதான். அங்கே வெளிச்சத்துக்கு ஒரு பொருள் இருந்தது. பொருள் இல்லாமல் அதிர்வு மட்டும் மிஞ்சும்போது, உடல் சிலிர்த்ததையே படம் சிறந்தது என்பதற்குச் சான்றாகப் பார்வையாளர் எடுத்துக்கொள்கிறார். விமர்சகரும் அதையே எழுதுகிறார்.

மறுகரையில் இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் இருக்கிறார். ரோட்டர்டாம் திரைவிழாவில் டைகர் விருது வாங்கிய ‘கூழாங்கல்’ (2021) குடிகாரத் தகப்பனும் சிறுவனும் வெயிலில் நடப்பதை நீண்ட ஷாட்டுகளில் தொடர்ந்தது. அடுத்து வந்த ‘கொட்டுக்காளி’ (2024) பின்னணி இசையே இல்லாமல் ஓடியது. வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, சாமியாரிடம் கூட்டிப்போகிறது குடும்பம். ஆட்டோவின் உறுமல், பைக் சத்தம், சேவலின் கொக்கரிப்பு, முறைமாமன் பாண்டியின் கரகரத்த தொண்டை இவ்வளவும் கேட்கிறது. மீனா ஏறக்குறையப் பேசுவதே இல்லை. இசை இருந்திருந்தால் எங்கே அவளுக்காக வருந்துவது, எங்கே பாண்டிமேல் கோபப்படுவது என்று அது சொல்லிக்கொடுத்திருக்கும். சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால், அந்த ஆட்டோவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உறவுக்காரர்களில் ஒருவராகப் பார்வையாளர் ஆகிவிடுகிறார். சிலர் ‘படம் மெதுவாகப் போகிறது’ என்று குறைபட்டது அந்த இருக்கையின் அசௌகரியம்தான்.

ஆகவே சிற்றிதழ்கள் முன் ஒரு வேலை கிடக்கிறது. கோட்பாட்டுப் பெயர்களை அடுக்குவதற்கு முன்னால், ஒரு படத்தில் ஒரே ஒரு ஷாட்டை எடுத்துக்கொண்டு விளக்கு எந்தப் பக்கம், லென்ஸ் எவ்வளவு கிட்டே, கேட்கும் ஒலி திரைக்குள்ளிருந்து வருகிறதா வெளியிலிருந்து வருகிறதா என்று எழுதிப் பார்க்கலாம். இயக்குநரையும் நடிகரையும் மட்டும் நேர்காணல் செய்யும் பழக்கத்தை மாற்றி, ஒளிப்பதிவு உதவியாளர், லைட்மேன், டப்பிங் தியேட்டர் பொறியாளர், காலடி ஓசையும் வளையல் ஓசையும் உண்டாக்கும் ஃபோலி கலைஞர் ஆகியோரிடம் போகலாம். வங்காளத்திலிருந்து சென்னைக்கு வந்து ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்தை இயக்கிய ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ், தமிழ்த் திரைத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டவும் உழைத்தவர். அந்தத் தொழிலாளர்களின் கைநுணுக்கம் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. புத்தகத்தில் ஏறியது கொஞ்சமே. ஃபிலிம் சுருளில் வேலை கற்ற தலைமுறைக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. இந்த வேலைக்குப் பணம் அதிகம் தேவையில்லை. படத்தை இரண்டாம் முறை, மூன்றாம் முறை பார்க்கும் பொறுமை வேண்டும். அது சிற்றிதழ்களுக்குக் கட்டுப்படியாகும். வெள்ளிக்கிழமை முதல் காட்சி முடிவதற்குள் தீர்ப்பு எழுத வேண்டிய அவசரம் வேறு ஆட்களுக்குத்தான்.