கில்மாங்கர் கேட்ட கேள்வி

"படத்தைப் படமாப் பாருங்க. எல்லாத்துலயும் சாதியைக் கொண்டு வராதீங்க."

'பிளாக் பேந்தர்' பற்றி எங்கே வாய் திறந்தாலும் இந்த வாக்கியம் ஓடி வந்து முன்னால் நிற்கிறது. 2018 பிப்ரவரியில் படம் தியேட்டருக்கு வந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். இன்றைக்கு அதை போனில் பார்த்துவிட்டு வரும் கல்லூரிப் பிள்ளைகளிடமும் இதையேதான் சொல்கிறார்கள். சொல்கிறவர் யார் என்று ஒருமுறை கவனியுங்கள். பெரும்பாலும், எந்தத் தெரு என்று கேட்டால் குரலைத் தாழ்த்த வேண்டிய அவசியம் இல்லாதவராக இருப்பார்.

வெறும் படம் என்றால் அரசாங்கம் எதற்குப் பயப்பட்டது? இந்தப் படத்தில் மலைமேல் வாழும் ஜபாரி என்றொரு குலம் வருகிறது. அவர்களுடைய தலைவன் அனுமன் பெயரைச் சொல்லி முழங்குவான். ஆப்பிரிக்காவில் இல்லாத ஒரு நாடு, அந்த நாட்டில் கற்பனையாக ஒரு குலம், அவர்கள் கும்பிடும் ஒரு குரங்குச் சாமி. அந்தப் பெயர் வரும் இடத்தில் ஒலியை அடைத்துவிட்டுத்தான் நம் தணிக்கை வாரியம் படத்தை இந்தியத் திரைக்கு விட்டது. ஒரு கறுப்பன் வாயில் அந்தப் பெயர் வந்தால் என்ன குறைந்துவிடும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். படத்தைப் படமாகப் பார்க்கச் சொல்கிறவர்கள் வாரியத்திடம் போய் அதைச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

அமெரிக்காவில் கதை இன்னும் வேடிக்கை. ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் பார்வையாளர் தரும் மதிப்பெண்ணைக் கூட்டு சேர்ந்து கீழே இழுக்க, படம் வெளிவரும் முன்பே முகநூலில் ஒரு குழு ஆள் சேர்த்தது. முகநூல் அந்தப் பக்கத்தை நீக்கியது. படமே பார்க்காமல் அபிப்பிராயம் தயார்! இங்கே 2023-ல் 'மாமன்னன்' நெட்பிளிக்ஸில் வந்தபோது நடந்தது நினைவிருக்கும். சாதித் திமிரின் முகமாக மாரி செல்வராஜ் எழுதிய ரத்தினவேலு, பகத் பாசில் நடித்த அந்தப் பாத்திரம், சாதிப் பெருமைப் பாட்டுகளோடு வெட்டி ஒட்டப்பட்டு வாட்சப் ஸ்டேட்டஸ்களில் வலம் வந்தது. பந்தயத்தில் தோற்ற நாயை அடித்துக் கொல்கிறவன் அவர்களுக்கு நாயகன். அவர்கள் யாரும் படத்தைப் படமாகப் பார்க்கவில்லை. தங்கள் படமாகப் பார்த்தார்கள்.

அவர்களுக்கு இவ்வளவு போதும். எனக்கு உண்மையான சண்டை நம் பிள்ளைகளோடு.

உத்திரமேரூர்ப் பக்கம் நான் வேலை பார்க்கும் மாலைநேரப் பாடசாலைக்கு வருகிற ஒரு தம்பி, கல்லூரியில் முதலாண்டு, படம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, நாமளும் வகாண்டா மாதிரிதான். நாமளும் ஒரு காலத்துல ஆண்டவங்கதான். எல்லாத்தையும் புடுங்கிட்டாங்க." கூட இருந்த நாலைந்து பேரும் தலையாட்டினார்கள். படம் பற்றிய அபிப்பிராயங்களில் நம் தெருக்களில் அதிகம் கேட்பது இதுதான்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. என் வயதுக்காரர்கள் படித்த சித்திரக்கதை என்ன? ராணி காமிக்ஸில் வந்த முகமூடி மாயாவி. ஆப்பிரிக்கக் காடு, கறுப்பு மக்கள், அவர்களுக்கு நடுவில் மண்டை ஓட்டுக் குகையில் சிம்மாசனம் போட்டு ஒரு வெள்ளைக்காரர். காட்டுக்காரர்களுக்கு வேலை அவரைக் கும்பிடுவதும் முரசு அடிப்பதும். முரசு அடிப்பது யார் வேலை என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைப் படித்து வளர்ந்த கண்ணுக்கு, கறுப்பர்களே ராஜாவாக, விஞ்ஞானியாக, படைத் தளபதியாக வரும் படம் தாகத்துக்குத் தண்ணீர். ஷூரி தன் ஆய்வுக்கூடத்தில் நிற்கும் காட்சியில் எங்கள் பெண் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சிக்கல் ராஜாவில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் சுவர் கிடைத்தால் 'ஆண்ட பரம்பரை' என்று எழுதாத சாதி குறைவு. எல்லோரும் ஆண்டவர்கள் என்றால் ஆளப்பட்டது யார்? வகாண்டாவில் ராஜாவை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பாருங்கள். அருவி விளிம்பில் இரண்டு பேர் மோதுகிறார்கள், ஜெயித்தவன் ராஜா. மோத வருவதற்கும் அரச இரத்தம் வேண்டும், இல்லையென்றால் ஒரு குலம் முன்னிறுத்திய வீரனாக இருக்க வேண்டும். வைப்ரேனியத்தில் மின்னும் அந்த நகரத்தில் சாக்கடை அள்ளுவது யார்? செத்த மாட்டை இழுப்பது யார்? படம் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவே இல்லை. இத்தனைக்கும் மூலமான காமிக்ஸ் திருப்பியது. 2016 முதல் டா-நெஹிசி கோட்ஸ் எழுதிய தொடரில் வகாண்டாவின் மக்களே ராஜாவுக்கு எதிராகக் கிளம்புகிறார்கள். அதே மார்வெல் இரண்டு வருடம் கழித்துப் படமாக எடுத்தபோது அந்த மக்களைக் காணோம்.

நம் ஊரிலும் ஒரு வகாண்டா இருக்கிறது, கல்லில். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலை முறை. பள்ளிக்கூடத்தில் இருந்து பஸ் வைத்துக் கூட்டி வந்து காட்டுகிறார்கள். பிரதமர் வரை புகழ்ந்தாயிற்று. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுச் சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள், எவ்வளவு நேர்மை பாருங்கள் என்கிறார் வாத்தியார். அதே கல்லில், யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்றும் இருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். வேதம் படித்திருக்க வேண்டும். நிலம் கொஞ்சம் குறைந்தாலும் வேதத்தில் கூடுதல் தேர்ச்சி இருந்தால் பரவாயில்லை. ஊரின் அன்றைய பெயரே சதுர்வேதிமங்கலம். அந்த நிலத்தில் சேற்றில் நின்றவர்களுக்குக் குடத்தில் ஓலை கிடையாது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சபையை இன்றைய அளவுகோலில் அளக்கலாமா என்று கேட்பார்கள். ஜனநாயகத்தின் தொட்டில் என்று இன்றைய பட்டம் கட்டலாம் என்றால் இன்றைய அளவுகோலையும் வைக்கலாம்.

ஆகவே, 'நாமும் ஆண்டவர்கள்' என்று ஒரு தம்பி சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிரவில்லை. அந்தச் சுவர்தான் கண்ணுக்கு முன்னால் வருகிறது.

இனி கில்மாங்கர். நம் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு டி'சல்லாவை விட இவனைத்தான் பிடித்திருக்கிறது. உலகமெங்கும் அப்படித்தான். காரணம் எளிது. படத்தில் கேள்வி கேட்கிறவன் இவன் ஒருவன்தான். 1992, ஓக்லண்ட். வகாண்டா ராஜாவின் தம்பி அங்கே கறுப்பு மக்களின் பாட்டைப் பார்த்து மனம் மாறுகிறார். நம்மிடம் இருப்பதை இவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார். அண்ணன் கையாலேயே சாகிறார். அவருடைய சிறுவன் அனாதையாக அங்கேயே விடப்படுகிறான். அவன்தான் வளர்ந்து வந்து கேட்கிறான்: உலகம் முழுக்க நம் ஆட்களை அடிமையாக விற்றபோது, சுட்டபோது, சிறையில் அடைத்தபோது, இவ்வளவு செல்வத்தை ஒளித்துவைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

இந்தக் கேள்விக்கு அரச சபையில் ஒருவரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாதபோது திரைக்கதை என்ன செய்யும்? கேட்டவனைக் கெட்டவனாக்கும். கூட வந்த காதலியைச் சுட்டுக் கொல்கிறான். மூலிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வயதான பெண்ணின் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறான். இதையெல்லாம் செய்கிறவனோடு நிற்பாயா என்று படம் நம்மைப் பார்த்துக் கேட்கிறது. நிற்க முடியாதுதான். ஆனால் அவனை அப்படி எழுதியது யார்? ஆயுதம் ஏற்றிக்கொண்டு வெளியே போகும் விமானங்களைச் சுட்டு வீழ்த்துகிறவர் யார் தெரியுமா? ஒரு சி.ஐ.ஏ. அதிகாரி. அவருக்கும் சேர்த்துக் கைதட்டிவிட்டு வந்திருக்கிறோம். கடைசியில் டி'சல்லா ஓக்லண்டில் கட்டடம் வாங்கி உதவி மையம் திறக்கிறார். சி.எஸ்.ஆர். நிதியில் நோட்டுப் புத்தகம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போகும் கம்பெனிகளை நம் காஞ்சிபுரம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். இந்த முடிவைப் பார்த்து அவர்கள் சிரித்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஒளித்துவைத்த செல்வம் யாருடையது என்ற கேள்வியை நம் மாவட்டத்தில் நிஜமாகவே கேட்டிருக்கிறார்கள். உத்திரமேரூர் அன்றைக்கு இருந்தது செங்கல்பட்டு மாவட்டத்தில். அதன் ஆட்சியர் ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி 1891-ல் அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் குடிசை மண்கூடச் சொந்தமில்லாமல் மிராசுதாரின் பிடியில் அவர்கள் கிடந்ததை அது சொன்னது. 1892-ல் ஆணை வந்தது, நிலம் ஒதுக்கப்பட்டது. பத்து வருடம் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். அதுதான் பஞ்சமி நிலம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்கிறார்கள். நம் தெருவில் யார் வீட்டில் அதில் எத்தனை சென்ட் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். வைப்ரேனியம் வானத்தில் இருந்து விழுந்தது. இது ஆவணத்தோடு கொடுக்கப்பட்டு, ஆவணத்தோடு காணாமல் போனது.

1994-ல் மாமல்லபுரம் பக்கத்துக் காரணை மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைக் கேட்டார்கள். மனு கொடுத்தார்கள், கூடி நின்றார்கள். அவர்கள் யாரையும் சுடவில்லை, எந்தக் கிழவியின் கழுத்தையும் பிடிக்கவில்லை, யாருடைய சிம்மாசனமும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். 'கில்மாங்கரின் கேள்வி சரி, வழிதான் தப்பு' என்று எழுதுகிற நடுநிலை விமர்சகர்களுக்காக இதைச் சொல்கிறேன். சரியான வழியில் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்குக் காரணையில் சாட்சி இருக்கிறது.

கில்மாங்கரிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. கேள்வியை அவ்வளவு சரியாகக் கேட்டவன், சிம்மாசனத்தில் போய் உட்கார்ந்ததும் தனக்குப் பின்னால் இன்னொருவன் வரக் கூடாதென்று மூலிகையை எரிக்கச் சொல்கிறான். ராஜாவை எதிர்த்து வந்தவனுக்கும் ராஜாவாவதைத் தவிர வேறு ஆசை தோன்றவில்லை. இந்தப் படத்தில் இரண்டு கட்சிதான்: நல்ல ராஜா, கெட்ட ராஜா. நம் தம்பிகளும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாதம் செய்கிறார்கள்.

சிறுத்தை என்ற பெயருக்கு வேறு வரலாறு இருக்கிறதே! ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் பிளாக் பேந்தரை முதலில் வரைந்தது 1966-ன் நடுவில். அதே ஆண்டு அக்டோபரில் ஓக்லண்டில் ஹூயி நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கினார்கள். அவர்கள் பசித்த பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு போட்டார்கள், தெருவில் போலீசைக் கண்காணித்தார்கள். காமிக்ஸ் கம்பெனிக்குச் சங்கடமாகிவிட்டது. 1972-ல் கொஞ்ச காலத்துக்குத் தங்கள் நாயகன் பெயரையே 'பிளாக் லெப்பர்ட்' என்று மாற்றி வைத்தார்கள். அந்த 1972-ல்தான் பம்பாயில் நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே.வி. பவார் போன்ற இளைஞர்கள் தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கம்பெனி பயந்து கீழே போட்ட பெயரை நம் ஆட்கள் குனிந்து எடுத்தார்கள். பத்து வருடத்தில் அது மதுரைக்கு வந்தது. மலைச்சாமி தலைமையில் தலித் பேந்தர் இயக்கம், அவர் மறைவுக்குப் பின் திருமாவளவன் தலைமையில் விடுதலைச் சிறுத்தைகள். அந்தக் கட்சியின் இன்றைய கூட்டணிக் கணக்குகளில் எனக்கு மாற்றுக் கருத்து நிறைய உண்டு, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இந்தச் சிறுத்தைகளில் ஒருவரும் தன்னை ராஜா வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டு தெருவுக்கு வரவில்லை என்பதுதான் இங்கே விஷயம். சேரியில் இருந்து வருகிறோம் என்றே சொன்னார்கள்.

பாடசாலையில் இந்த வாதம் மூன்று மாலை நடந்தது. கடைசி நாளில் ஒரு பெண், பத்தாவது படிக்கிறவள், "வகாண்டாவுல பட்டா யார் பேர்ல இருக்குக்கா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவள் வீடு நிற்பது இன்னும் நத்தம் புறம்போக்கில்.

அந்தக் கேள்வியில் இருந்து ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறது. உத்திரமேரூர் வட்டத்தில் எங்களால் முடிந்த கிராமங்களின் அ-பதிவேட்டு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, எந்த சர்வே எண்ணுக்கு எதிரே 'டி.சி. நிலம்' என்று குறிப்பு இருக்கிறது, இன்றைய சிட்டாவில் யார் பெயர் ஏறியிருக்கிறது என்று பக்கத்தில் பக்கமாக எழுதுகிறோம். ஜமாபந்திக்கு முன் முடிக்க வேண்டும். பழைய கையெழுத்தைப் படிக்கக் கண் நன்றாகத் தெரிகிற பிள்ளைகள் தேவை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உட்காருகிறோம். வருகிறவர்கள் ஒரு நீளமான நோட்டு கொண்டு வாருங்கள்.