டெக் கட்டும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இன்று அமெரிக்காவில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். கோடை வந்தால் பின்பக்கம் மரத்தில் டெக் போட ஆசை. பெர்மிட் வாங்கியாச்சா என்று கேட்டால், "இருநூறு சதுர அடிக்குள்ளதான் சார், தேவையில்லை" என்கிறார்கள். விதியில் கால்வாசியைப் படித்துவிட்டுச் சொல்லும் பதில் இது.

அங்கே பெரும்பாலான மாநிலங்கள் அடிப்படையாகக் கொள்ளும் மாதிரி வீட்டு விதி நான்கு நிபந்தனை வைக்கிறது. பரப்பு 200 சதுர அடியைத் தாண்டக் கூடாது. எந்த இடத்திலும் தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் உயரக் கூடாது. வீட்டோடு இணைந்திருக்கக் கூடாது. வீட்டின் கட்டாய வெளிவாசலுக்கு அது வழியாக இருக்கக் கூடாது. நான்கும் சேர்ந்து பொருந்தினால்தான் விலக்கு. "மற்றும்" என்பதை "அல்லது" என்று படித்தால் என் வகுப்பில் மார்க் கிடையாது! நம் பிள்ளைகள் போடுவது பெரும்பாலும் வீட்டுச் சுவரில் பூட்டிய டெக். அப்புறம் ஏது விலக்கு?

12 அடிக்கு 16 அடி என்றால் 192 சதுர அடி. சதுர அடிக்கு 40 பவுண்டு தாங்க வேண்டும் என்பது விதி. பெருக்கினால் 7,680 பவுண்டு, சுமார் 3,500 கிலோ. ஆளுக்கு 70 கிலோ வைத்தால் 50 பேர். நம்மவர் வீட்டு வளைகாப்புக்கு ஐம்பது பேர் சாதாரணம், பிள்ளைகள் குதிப்பது தனி. அந்தச் சுமையில் ஏறத்தாழ பாதி, சுவரில் பூட்டிய ஒரே பலகையின் மேல் இறங்குகிறது. வெறும் ஆணியில் அடித்திருந்தால் நாளாக நாளாக உருவிக்கொள்ளும். அதனால்தான் அங்கே போல்ட்டோ கனமான திருகாணியோ கேட்கிறார்கள். மேலே பலகை பாவிவிட்டால் உள்ளே இருப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? இன்ஸ்பெக்டர் இடையில் வந்து பார்ப்பது அதற்குத்தான்.

2003 ஜூனில் சிகாகோவில் ஓர் அடுக்குமாடி வீட்டின் மரத் தாழ்வாரம் விருந்தின்போது சரிந்து 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள். அனுமதி இல்லாமல் கட்டியது என்று நகர நிர்வாகம் குற்றம் சாட்டியது.

கட்டணம், வரைபடம், காத்திருப்பு எல்லாம் எரிச்சல்தான். ஆனால் "பெர்மிட் வேண்டாம், விலையைக் குறைத்துக்கொள்கிறேன்" என்கிற கான்ட்ராக்டர் எதைக் குறைப்பார் என்று யோசியுங்கள். விதி ஊருக்கு ஊர் மாறும். நண்பனின் ஊரில் நடந்தது உங்கள் ஊரில் செல்லாது. பழைய வீடு வாங்குகிறவர்கள், அதன் டெக்குக்குப் பெர்மிட் எடுத்துக் கடைசி ஆய்வும் முடிந்ததா என்று கையெழுத்துப் போடும் முன்பே நகர அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.