பீத்தோவனைப் பார்த்துச் சிரிக்கலாமா?

அன்புள்ள என் பழைய மாணவர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

பதிவு கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

நம் உறவில் ஒரு சிறுமி எட்டாம் வகுப்பு படிக்கிறாள், பியானோவும் கற்றுக்கொள்கிறாள். பாக் என்ற ஜெர்மானிய இசை மேதையைப் பற்றி நாலு வரி வேடிக்கைப் பாட்டு எழுதி, இசை வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறாள். "மகான்களைக் கிண்டல் செய்வதா?" என்று மன்னிப்புக் கடிதம் எழுத வைத்துவிட்டார்களாம். "மாமா, நீங்களே சொல்லுங்க, இது தப்பா?" என்று அவள் அம்மா கேட்டாள். பாட்டு இதுதான். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் போடுகிறேன்.

பாக் கேட்டது நாலே வார லீவு,
போன ஊரோ நானூறு கிலோமீட்டர் தொலைவு.
திரும்பி வந்தபோது மாசம் நாலாச்சு;
தேவாலயத்தில் அதுக்கப்புறம் ஒரே பேச்சு!

இதில் பொய் எங்கே இருக்கிறது? 1705-இல் பாக் ஆர்ன்ஷ்டாட் ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். வயது 20. லூபெக் நகரில் புக்ஸ்டஹூட என்ற பெரியவர் வாசிப்பதைக் கேட்க வேண்டும் என்று ஆசை. நடந்தே போனார். நாலு வாரம் என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பியது 1706 தொடக்கத்தில். நிர்வாகத்தார் கூப்பிட்டு விசாரித்த குறிப்பு இன்றும் இருக்கிறது. தன் கலையில் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளப் போனதாகப் பதில் சொல்லியிருக்கிறார். வந்த பிறகு அவர் வாசிப்பில் விநோதமான சுரங்கள் கலந்து சபையார் குழம்பிப்போகிறார்கள் என்று இன்னொரு புகார் வேறு! முப்பது வருஷம் லீவு லெட்டர் வாங்கிய எனக்கு இந்த நிர்வாகத்தார் மேலும் கொஞ்சம் இரக்கம் உண்டு. ஆனால் ஒரு குருவைக் கேட்க நானூறு கிலோமீட்டர் நடந்த இளைஞனை அந்தச் சிறுமி ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். பாடப் புத்தகத்தில் 'பாக், பிறப்பு 1685' என்று படித்ததைப் பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பாள்.

அவள் எழுதியது புது வழக்கமும் இல்லை. எட்மண்ட் கிளரிஹ்யூ பென்ட்லி என்ற ஆங்கிலேயர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பெரிய மனிதர்களைப் பற்றி நாலு நாலு வரியில் இப்படிக் குறும்பு செய்தவர். 1905-இல் அது புத்தகமாக வந்தது. படம் போட்டவர் அவருடைய பள்ளித் தோழர் செஸ்டர்டன். அந்த வகைப் பாட்டுக்கே கிளரிஹ்யூ என்று பெயர் நிலைத்துவிட்டது. வரிகள் கோணல்மாணலாக நீண்டும் குறுகியும் இருக்க வேண்டும். கடைசியில் மட்டும் ஓசை ஒத்துவர வேண்டும். காளமேகத்தின் தனிப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதெல்லாம் ஆச்சரியமா என்ன?

அந்த இசை மேதைகளும் உம்மணாமூஞ்சிகள் இல்லை. மொட்சார்ட் 1783-இல் லாய்ட்கெப் என்ற கொம்பு வாத்தியக்காரருக்கு ஒரு கச்சேரி உருப்படி எழுதினார். அதன் தலைப்பில், கழுதையும் எருதும் முட்டாளுமான லாய்ட்கெப் மேல் இரக்கப்பட்டு எழுதியதாகக் குறித்து வைத்தார். லாய்ட்கெப் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பிறகும் அவருக்காக மொட்சார்ட் எழுதினார்.

பீத்தோவன் கதை இன்னும் ருசி. டெம்ப்ஷெர் என்று ஒரு பணக்கார ரசிகர். 1826-இல் நடந்த கச்சேரிக்குச் சந்தா கட்டாமல் இருந்துவிட்டு, அதில் வாசித்த உருப்படியைத் தம் வீட்டில் வாசிக்கப் பிரதி கேட்டார். முதலில் ஐம்பது ஃப்ளோரினைக் கச்சேரி நடத்தியவரிடம் கட்டட்டும் என்றார் பீத்தோவன். "கட்டித்தான் ஆக வேண்டுமா?" என்றாராம் அவர். பீத்தோவன் சிரித்துவிட்டு, கட்டித்தான் ஆக வேண்டும், பணப்பையை எடு என்ற பொருளில் ஒரு குட்டிப் பாட்டே போட்டுவிட்டார். அந்தக் கேள்வியும் பதிலும்தான் அவருடைய கடைசி நால்வர் இசையின் இறுதிப் பகுதியில் வருகின்றன. அதை எவ்வளவோ பேர் பெரிய தத்துவமாக விளக்கியிருக்கிறார்கள். இருக்கட்டும். முளைத்த இடம் வசூல் பாக்கி!

இவ்வளவு சொன்ன நானே ஒரு இடத்தில் முரண்டு பிடிக்கிறேன். நம் குடும்பக் குரூப்பில் பீத்தோவனின் செவிட்டுத்தன்மையை வைத்து ஒரு ஜோக் சுற்றியது, கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1802-இல் அந்த மனிதர் தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமலே வைத்திருந்தார். அவர் இறந்த பிறகுதான் கிடைத்தது. பக்கத்தில் நிற்பவருக்குத் தூரத்துப் புல்லாங்குழல் கேட்கிறது, தமக்குக் கேட்கவில்லை, அந்த அவமானத்தில் உயிரையே விட்டிருப்பேன், கலைதான் தடுத்தது என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்தவர் யாராவது அந்தக் காதை வைத்து எதுகை தேடுவாரா? பணம் கட்டாதவரைச் சீண்டலாம், கோபக்காரரைச் சீண்டலாம். உடம்பை விட்டுவிடுங்கள். பீத்தோவனும் தம் நண்பர் ஷுப்பான்ட்ஸிகின் பருமனை வைத்துப் பாட்டுக் கட்டியவர்தான். அந்தப் பாட்டை என்னால் ரசிக்க முடியவில்லை, எழுதியவர் பீத்தோவனாகவே இருந்தாலும்.

பொய்யும் கூடாது. சாலியரி மொட்சார்ட்டுக்கு விஷம் வைத்தார் என்ற வதந்தியைப் புஷ்கின் கவிதை நாடகமாக எழுதினார், பிறகு அது ஆபெராவும் ஆனது. அதற்கு ஆதாரம் கிடையாது. பீத்தோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும், ஏன், மொட்சார்ட்டின் சொந்த மகனுக்குமே பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவர். ஒரு வாத்தியாராக எனக்கு இது வயிற்றெரிச்சல். ஓசை நயத்தோடு சொன்ன பொய் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

உண்மையே போதுமான வேடிக்கையாக இருக்கும்போது பொய் எதற்கு? ஹேடன் 1809-இல் இறந்தார். மண்டையோட்டை ஆராய்கிறோம் என்று சிலர் புதைகுழியிலிருந்து தலையைத் திருடிவிட்டார்கள். அது உடலோடு சேர்ந்தது 1954-இல். நடுவில் வைத்த வேறு யாருடைய மண்டையோட்டையோ எடுக்கவும் இல்லை. நானும் முயன்று பார்த்தேன்:

ஹேடன் உடம்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்,
நூற்று நாற்பத்தைந்து வருஷம் அரைகுறைத் தூக்கம்.
சொந்தத் தலை வந்தும் இரவல் தலை போகலை;
ரெண்டு தலை இருந்தும் மனுஷர் ஒண்ணும் பேசலை!

சிறுமிக்கு இதைத்தான் அனுப்பினேன். "மாமா தாத்தா, ரெண்டாவது தலை யாரோடது?" என்று உடனே பதில் வந்தது. இப்போது ஹேடனைத் தேடித் தேடிக் கேட்கிறாளாம்.

உங்களுக்கும் ஒரு வேலை தருகிறேன். மொட்சார்ட் 1784 மே மாதம் ஒரு ஸ்டார்லிங் பறவையை, நம் மைனாவின் உறவுக்காரி, 34 க்ரொய்ட்ஸருக்கு வாங்கினார். அது அவருடைய பியானோ கச்சேரி மெட்டு ஒன்றை ஒரு சுரம் ஏற்றிப் பாடியது. அதைக் கணக்குப் புத்தகத்திலேயே எழுதி, அழகு என்று பாராட்டியும் வைத்தார். மூன்று வருஷம் கழித்து அது இறந்தபோது பாதி விளையாட்டாக ஒரு இரங்கல் பாட்டு எழுதினார். அதற்கு ஒரு வாரம் முன்புதான் அவர் அப்பா இறந்திருந்தார்.

அந்தப் பறவைக்கு நாலு வரி எழுதிக் கீழே போடுங்கள். பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்காரர்கள் வழக்கம்போல ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதக் கூடாது.