செக் ஜாவாவுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும்

சாங்கி முனைப் படகுத்துறையில் கால அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்தால் பம்போட் எனப்படும் சிறு படகு கிளம்பும். அவசரக்காரர்கள் காலி இடங்களுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துப் புறப்படலாம். மற்றவர்கள் ஆள் சேரும்வரை பெஞ்சில் காத்திருப்பார்கள். கால் மணி நேரத்துக்குள் புலாவ் உபின் வந்துவிடும். ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவுக்கு வார இறுதிகளில் சிங்கப்பூர்க் குடும்பங்கள் சைக்கிள் ஓட்டவும், காட்டுப் பாதையில் நடக்கவும், கடல் உணவு சாப்பிடவும் போகின்றன.

இன்று பசுமையாகத் தெரியும் உபின், ஒரு காலத்தில் வெடிச்சத்தம் ஓயாத கருங்கல் தீவு. பெட்ரா பிராங்காவில் நிற்கும் ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் உபின் கல்லால் எழுந்தது. கடைசிக் கற்சுரங்கம் 1999-இல் மூடப்பட்டது. பள்ளங்களில் நீர் நிறைந்தது, ஓரங்களில் மரம் வளர்ந்தது. கெத்தாம் சுரங்கத்தைச் சுற்றி மலைச் சைக்கிள் பூங்கா வந்தது. சிங்கப்பூரில் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட இருவாச்சிப் பறவை 1990-களில் மீண்டும் தலைகாட்டியதும் இங்கேதான்.

தீவின் கிழக்கு முனையில் இருப்பது செக் ஜாவா. கடல் வற்றும்போது மணல்திட்டு, கடற்புல் வெளி, பவளச் சிதைவுகள், சதுப்புநிலக் காடு எல்லாம் ஒரே பார்வையில் விரியும் கரை அது. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் இயற்கை ஆர்வலர்கள் அதன் வளத்தைக் கண்டு வியந்தபோது, அந்தக் கரையைத் தூர்க்கும் திட்டம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அழியத்தான் போகிறது, மாதிரிகளையாவது சேகரித்து வைப்போம் என்று ராஃபிள்ஸ் பல்லுயிர் அருங்காட்சியகத்தினரும் தொண்டூழியர்களும் சேற்றில் இறங்கினார்கள். செய்தி பரவியது, மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், அரசுக்குக் கடிதங்கள் எழுதினார்கள். 2001 முடிவதற்குள் தூர்ப்புப் பணி ஒத்திவைக்கப்பட்டது. தீவு வளர்ச்சிப் பணிகளுக்குத் தேவைப்படாத வரை செக் ஜாவா தொடப்படாது என்று 2002 ஜனவரியில் அரசு முறைப்படி அறிவித்தது.

அப்படித் திரண்ட கூட்டமே கரைக்குச் சுமையாகவும் ஆனது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வந்த ஆயிரக்கணக்கான கால்கள் கடற்புல்லையும் நட்சத்திர மீன்களையும் மிதித்தன. அதற்கு விடையாக 2007-இல் திறக்கப்பட்டது பலகைப் பாதை. சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போக முடியும். கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்தால், ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டு அதைத் தூக்கித் தூக்கி ஆட்டுவது தெரியும். நிழல் விழுந்தால் சட்டென்று வளைக்குள் மறையும். அசையாமல் நின்றால் சற்று நேரத்தில் முதலில் கண்களும், பிறகு கொடுக்கும் வெளியே வரும். இதைக் குழந்தைக்குக் காட்டப் பொறுமையும், நீர் வற்றும் நேரம் பார்த்து வரும் முன்யோசனையும் போதும்.

இந்தக் கரை எவ்வளவு மெல்லியது என்பதும் அதே ஆண்டுத் தொடக்கத்தில் தெரிந்தது. ஜோகூரில் கொட்டிய பெருமழையின் நன்னீர் கடலில் கலந்து உப்புத்தன்மை குறைந்தது. செக் ஜாவாவில் கடல் உயிரினங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கரை மீண்டுவர ஆண்டுகள் பிடித்தன.

உபினை இன்னும் வசதியாக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் ஒரு பகுதி நியாயம். ஆடும் படகில் கால் வைத்து ஏறுவது முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் பெரும் சிரமம். படகுத்துறையில் அதற்கு நல்ல ஏற்பாடு தேவை. ஆனால் பாலமும் தங்கும் விடுதிகளும் அகலச் சாலைகளும் வந்தால், மக்கள் தேடிவரும் உபின் இருக்காது. செந்தோசா ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

நிலப்பற்றாக்குறை என்பதும் வெறும் சாக்கு அல்ல. 1960-களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு, கடலைத் தூர்த்தே இன்று 730-ஐத் தாண்டியிருக்கிறது. வீடும் விமான நிலையமும் துறைமுகமும் அதில்தான் எழுந்தன. அதனாலேயே எஞ்சியிருக்கும் இயற்கைக் கரைகள் சொற்பம். எதைத் தொடக்கூடாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

சுங்கை பூலோ சதுப்புநிலம் இயற்கை வனப்பகுதியாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டதும் அதே 2002 ஜனவரியில்தான். சுங்கை பூலோவுக்குச் சட்டம் கிடைத்தது, செக் ஜாவாவுக்கு வாக்குறுதி கிடைத்தது. இத்தனை ஆண்டுகளாக அந்த வாக்குறுதி காப்பாற்றப்பட்டு வருவதற்கு அரசைப் பாராட்டலாம். எனினும் "தேவைப்படாத வரை" என்ற நிபந்தனை இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூங்காக்கள், மரங்கள் சட்டத்தின் அட்டவணையில் செக் ஜாவாவின் பெயரையும் சேர்த்து, அந்த நிபந்தனையை நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.