சத்தமில்லாத சவாரி

மின்சார ஸ்கூட்டர் வாங்கி ஒரு மாதமாகிறது. ஒசூரில் செய்த வண்டி. ஸ்வதேசி அபிமானிகளுக்கு மெத்த சந்தோஷம். பாட்டரிக்குள் இருக்கும் லிதியம் செல்கள் பெரும்பாலும் அந்நியச் சரக்கு என்பதை மட்டும் மறந்துவிட வேண்டும்!

முதல் நாள் சாவியைத் திருப்பினேன். உறுமல் இல்லை, புகை இல்லை. வண்டி கிளம்பவில்லையென்று எண்ணிக் கைப்பிடியை முறுக்கினேன். மறு கணம் வாசல் துளசி மாடத்தில் மோதி நின்றேன். பெட்ரோல் இயந்திரம் சுழன்று வேகமெடுத்த பிறகே பலத்தைக் காட்டும். மின்சார மோட்டாரோ நின்ற நிலையிலேயே முழு இழுவிசையையும் காட்டிவிடும். இந்தப் பேதம் அடியேனுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

செலவு சொற்பந்தான். இரவில் 3 யூனிட் மின்சாரம் ஊட்டினால் ஊரெல்லாம் சுற்றலாம்.

ஆனால் மூன்றாம் நாள் நடந்தது வேறு. எங்கள் தெருக்கோடியில் பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குக் காதுதான் கண். இருபுறமும் செவிசாய்த்துக் கேட்டு, ஓசையில்லையென்று நிச்சயித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். ஒரு முழ தூரத்தில் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினேன். என் உடம்பெல்லாம் நடுங்கிற்று.

"யாரப்பா, சைக்கிளா?" என்றார் நிதானமாக.

"ஸ்கூட்டர், தாத்தா."

"ஸ்கூட்டரானால் எனக்குக் கேட்டிருக்குமே!"

ஐரோப்பாவில் 2021 முதல் புதிய மின்சாரக் கார்கள் மெதுவாகச் செல்லும்போது தாமே ஓசையெழுப்ப வேண்டுமென்று விதி இருக்கிறது. இரு சக்கர வண்டிகளை அவ்விதி தொடவில்லை. ஆகவே, அமைதிக்கு ஆசைப்பட்டு வாங்கிய வண்டியில், அந்தத் தெருக்கோடி வரும்போதெல்லாம் நான் ஹாரனை அடித்துக்கொண்டு போகிறேன்.