கொல்லிமலையில் சாமைச் சோறு கேளுங்கள்!

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் வயிறு பசிக்கும்.

சாப்பாட்டுக் கடையில் பலர் கேட்பது என்ன? புரோட்டா, பிரியாணி! அவை கீழேயே கிடைக்குமே!

திருப்புலி நாடு முதலான மலைநாடுகளில் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு பயிரிட்டார்கள். பிறகு மரவள்ளிக் கிழங்கு வந்தது. அது கையில் காசு கொடுத்தது. சாமையையோ உரலில் குத்த வேண்டும். பெண்களுக்குக் கை ஓய்ந்தது. சாமைக் காடு சுருங்கியது.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலையில் தோல் நீக்கும் இயந்திரங்கள் வைக்க உதவியது. 2023-ம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. நல்லதுதான். ஆனால், சாப்பிட ஆள் வேண்டாமா?

மலைக்கு வருகிறவர்கள் வழியோரக் கடைகளில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விரும்பிக் குடிக்கிறார்கள். அந்தக் கிழங்கு பாறையில் தானாக வளர்வது. பறிக்கப் பறிக்கக் குறையும். சாமை அப்படி அல்ல. விதைத்து அறுப்பது. கேட்கக் கேட்கப் பெருகும்.

ஆகவே, கடையில் உட்கார்ந்ததும், "சாமைச் சோறு உண்டா?" என்று கேளுங்கள். இன்று இல்லை என்பார்கள். பத்துப் பேர் கேட்டால், நாளை உலை வைப்பார்கள்.

சாப்பிடுகிறவருக்கு வயிறு நிறையும். விதைத்தவர் வீட்டில் அடுப்பு எரியும்!