பளபளப்பை நம்பாதே!

துருப்பிடிக்காத எஃகு என்று அதற்குப் பெயர். நம் வீட்டுத் தாய்மார் எவர்சில்வர் என்கிறார்களே, அந்த இனம்தான். புளிக்குழம்பைத் தாங்கும், புழங்கப் புழங்கப் பளபளக்கும். ஆலையிலே அமிலத் தொட்டியாக அமர்ந்த பிறகும் பெயரை நம்பிப் பேசாதிருக்கலாமா?

இரும்புடன் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குரோமியம் சேர்த்தால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வை அதன் மேனியிலே படர்கிறது. அதுவே கவசம். நைட்ரிக் அமிலம்கூட அதை எளிதில் கிழிப்பதில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் வந்தாலோ, கவசம் கிழிகிறது. மேலே பளபளப்பு, உள்ளே பள்ளம்!

ஒழுகுவது மட்டுமா கேடு? 1984 டிசம்பர் 2 நள்ளிரவைக் கேளுங்கள். போபால் நகரம், யூனியன் கார்பைடு ஆலை, 610-ஆம் எண் தொட்டி. துருப்பிடிக்காத எஃகுதான் அதுவும்! உள்ளே 40 டன்னுக்கும் மேல் மீதைல் ஐசோசயனேட். இருக்கத் தகாத அளவுக்குக் குளோரோஃபார்மும் அதிலே கலந்திருந்தது. தண்ணீர் புகுந்தது. வெப்பம் ஏறியது. அமிலம் பிறந்தது, எஃகை அரித்தது. அரிப்பிலே கரைந்த இரும்போ, எரிகிற தீயில் எண்ணெயாகி, உள்ளே நடந்த மாற்றத்தை மேலும் விரட்டிற்று. காவலுக்கு வைத்த தொட்டியே கொலைக்குத் துணை நின்றது!

தப்பும் வாயுவை எரிக்கக் கோபுரம் ஒன்று இருந்ததே, அது என்ன செய்தது? அன்றிரவு எரியவில்லை. அதற்குச் செல்லும் குழாயிலே அரித்துப்போன துண்டைக் கழற்றியிருந்தார்கள், புதியது பொருத்தவில்லை. தொட்டியைக் குளிரவைக்கும் இயந்திரத்தையோ, பல மாதம் முன்பே நிறுத்திவிட்டார்கள். சிக்கனமாம், சிக்கனம்! சேமித்தவன் யார்? செத்தவன் யார்?

ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 2010-இல் தீர்ப்பு வந்தது: ஈராண்டுச் சிறை, அன்றே ஜாமீன்! எஞ்சிக் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு, 40 ஆண்டு கழித்து, 2025-இல்தான் பீதம்பூரிலே எரிக்கப்பட்டது.

அமிலக் கழிவின் அருகே நின்று உழைக்கும் தோழர்களே! எந்தக் கழிவு எந்தத் தொட்டிக்கு என்று கேளுங்கள். தொட்டிச் சுவரின் கனத்தைக் கடைசியாக அளந்தது எப்போது என்று கேளுங்கள். அரித்த குழாயைக் கழற்றினால், புதுக் குழாய் வரும்வரை வேலை ஓடக் கூடாது என்று சொல்லும் உரிமையைச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலே, கூலி உயர்வுக்கு அடுத்த வரியிலே எழுதுங்கள்.

கூலி குறைந்தால் மறுபடி போராடிப் பெறலாம். போன உயிரை எந்தப் போராட்டம் மீட்டுத் தரும்?